என் வீட்டு ஊமைப் பெட்டி

2007 ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு வீசிஆர் ஒரு கேசட்டை விழுங்கியது. முன்பும் விழுங்கும், முதுகில் இரண்டு தட்டு தட்டினால் துப்பிவிடும். இம்முறை துப்பவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் சைக்கிள் சங்கிலியே இரண்டு வருடம் தாங்காது, கேசட் எம்மாத்திரம்? நாடாவில் வெள்ளைப் பூசணம் பூத்து, கதாநாயகன் பனிமூட்டத்தில் நடப்பது போலத்தான் எல்லாப் படமும் தெரிந்துகொண்டிருந்தது.

புதிய வீசிஆர் வாங்கலாம் என்றாள் அம்மா. நான்தான், இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்றேன். டிவி நிகழ்ச்சியைத் தானே பதிவு செய்துகொள்ளும் கம்ப்யூட்டர். கடையில் தயாராக வாங்குவதில்லை, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து நானே பூட்டுவது. ஒரே நேரத்தில் அம்மாவுக்கு சீரியல், எனக்கு கிரிக்கெட். வாக்குறுதி கொடுக்கும்போது எனக்கு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்குப் போட்டேன். டிவி படம் ஒன்றுக்கு 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். ஒரு விநாடிக்கு 25 படம். சுருக்காமல் அப்படியே எழுதினால் விநாடிக்கு 20 எம்பிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி. நான் வாங்க நினைத்திருந்த ஹார்ட் டிஸ்க் 160 ஜிபி. ஆக, இரண்டு மணி நேர சீரியலோடு டிஸ்க்கின் கதை முடிந்தது. அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வண்ணாரப்பேட்டையில் ரயிலேறி, கடற்கரை நிலையத்தில் மாறி, பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவுக்குள் நுழைகிறவன் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே அவனை நடத்திச் செல்லும். ஒரு கடைக்காரர் என் நோட்டை வாங்கிப் படித்தார். கணக்கு வாத்தியார் போல மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சார், இதை யாரும் அப்படியே எழுத மாட்டார்கள். எம்பெக்-2 என்று சுருக்கி எழுதுவார்கள். மணிக்கு ஒன்றே முக்கால் ஜிபி போதும். கேள்வி என்னவென்றால், சுருக்குகிற வேலையை யார் செய்வது? டிவி அலையைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தருகிற டிவி கார்டில் சாதாரணமானதைப் போட்டால் ப்ராசஸர் செய்ய வேண்டும், அது மூச்சு வாங்கும். கார்டிலேயே சுருக்கும் சிப் இருந்தால் ப்ராசஸர் காலாட்டிக்கொண்டு உட்காரும்.”

காலாட்டும் ப்ராசஸர் என்ற கற்பனை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அந்தக் கார்டுக்கு அவர் சொன்ன விலை பிடிக்கவில்லை. ஒன்று வாங்கினால் ஒரு சேனல்தான். இரண்டு சேனலுக்கு இரண்டு கார்டு. நோட்டை வாங்கிக்கொண்டு, மற்றவற்றை மட்டும் முடித்துக்கொள்கிறேன் என்றேன்.

மற்றவற்றில் நான் செலவிட்ட நேரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ப்ராசஸர் ஏஎம்டியா இன்டெலா என்று மூன்று வாரம் யோசித்தேன். அக்கா வீட்டுக்காரர் ஒரு கட்சி, எதிர்வீட்டுத் தம்பி ஒரு கட்சி. இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வாதாடினார்கள். அம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுத்து, எது மின்சாரம் குறைவாக இழுக்கும் என்று ஒரே கேள்வி கேட்டாள். இருவருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் ஏஎம்டி வாங்கினேன், அன்று கடையில் அதுதான் இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிப் பார்த்தால் 160 இல்லை, 149 காட்டியது. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கம்ப்யூட்டர் 1024ஆகப் பெருக்குகிறது, அதனால் வரும் வித்தியாசம் என்று அம்மாவிடம் விளக்கினேன். “எந்தக் கணக்காக இருந்தால் என்ன, 11 குறைகிறது. எடைக்கல்லைப் பார்த்து வாங்கக் கூடாதா?” என்றாள். கொத்தவால்சாவடி இருந்த காலத்திலிருந்து காய் வாங்கிப் பழகியவளிடம் இதற்கு மேல் பேச முடியாது.

அந்த 149ஐ எதிர்வீட்டுத் தம்பிதான் தன்னிடமிருந்த ஒரு குறுந்தகட்டைப் போட்டுப் பிரித்துக்கொடுத்தான். “அண்ணா, கோப்புகளை அடுக்கும் பழைய முறை, ஃபேட்32 ஆகவே போட்டுவிட்டேன். விண்டோஸ் 98 இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் மாட்டினால்கூடப் படிக்கும்.” எங்கள் தெருவிலேயே விண்டோஸ் 98 வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் நல்ல எண்ணத்தில் சந்தேகமில்லை. நன்றி சொல்லி ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

மிச்சமிருந்தது டிவி கார்டு. எனக்கு வேலை ராஜாஜி சாலையில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில். வாசலைத் தாண்டினால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட வரிசை அது. தினமும் இருமுறை அந்த வழியாக நடக்கிறவன் ஒரு நாளாவது தடுமாறத்தான் செய்வான். சுருக்கும் சிப் கொண்ட கார்டு, ரிச்சி தெரு விலையில் பாதிக்கும் குறைவு. அட்டைப் பெட்டி முழுக்கச் சீன எழுத்து. தொலைக்காட்சியைப் பார்த்துக் கைதட்டும் குடும்பம் ஒன்றின் படம் போட்டிருந்தது. அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து இயந்திரத்தை ஓட்டினோம். அம்மா கேபினெட்டின் சுவிட்ச் மேலேயே குங்குமம் வைத்துவிட்டாள், இன்றைக்கும் அந்த இடம் சிவப்புத்தான். கேபிள் கம்பியை நேராகக் கார்டில் சொருகினேன். சேனல் தேடியது. செய்தி வாசிப்பவர் பளிச்சென்று வந்து வாயைத் திறந்தார். சூடான எண்ணெயில் வடை மாவைப் போட்ட மாதிரி ஒரு ‘ஸ்ஸ்ஸ்’.

அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “எந்த ஊரில்டா இவ்வளவு மழை?”

சேனலை மாற்றினேன். சமையல் நிகழ்ச்சி. அங்கேயும் மழை. ஆன்மிகச் சொற்பொழிவு. மழை. மென்பொருளில் நாட்டின் பெயரைச் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றிப் பார்த்தேன். இந்தியாவிலும் மழை.

விஷயம் பிறகுதான் விளங்கியது. நமக்கும் சீனாவுக்கும் அப்போது படத்தின் முறை ஒன்றுதான், ‘பால்’ (PAL) என்று பெயர். ஆனால் படத்தைச் சுமக்கும் அலைக்கும் ஒலியைச் சுமக்கும் அலைக்கும் நடுவில் விடும் இடைவெளி வேறு. நமக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ், அவர்களுக்கு 6.5. என் கார்டு நம்முடைய படத்தை வாங்கிக்கொண்டு, ஒலிக்காக ஒரு வீடு தள்ளிப்போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் யாரும் இல்லை. ப்ராசஸருக்காக மூன்று வாரம் திண்ணை மாநாடு நடத்தியவன், கார்டின் தகரக் கூட்டுக்குமேல் ஒட்டியிருந்த கட்டைவிரல் அகலத் தாளைப் படிக்கவில்லை. அதில் தெளிவாக ‘டி/கே’ என்றிருந்தது, அது சீன இடைவெளியின் பெயர். இந்தியாவுக்கு வேண்டியிருந்தது ‘பி/ஜி’.

பஜாருக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “அண்ணா, படம் வருகிறதா?”

“வருகிறது. சத்தம்தான் வரவில்லை.”

“படத்துக்குத்தானே காசு வாங்கினேன்?”

இதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில் எதுவும் பொருந்தவில்லை.

வழி ஒன்று இருந்தது. 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையில்தான் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பெட்டி கட்டாயம் ஆனது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் படமும் ஒலியும் தனித்தனியாகவே வெளியே வரும். அலைவரிசையைப் பிரிக்கிற வேலை கார்டுக்குக் கிடையாது. ஒன்றை இரண்டாக்கும் பின்களை வாங்கி, ஒரு கிளையை டிவிக்கும் ஒரு கிளையைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தேன். செய்தி வாசிப்பவர் பேசினார். மழை நின்றது. அம்மா கற்பூரம் காட்டினாள்.

ஆனால் பெட்டி ஒன்று. அதில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் டிவியிலும் வரும், கம்ப்யூட்டரிலும் பதிவாகும். ஒரே நேரத்தில் சீரியலும் கிரிக்கெட்டும் என்ற வாக்குறுதி சந்தடியில்லாமல் காலாவதியானது. நானும் அதை அம்மாவுக்கு நினைவூட்டவில்லை.

இதற்கிடையில் இயந்திரம் நடுநடுவே தானாக அணைந்துகொண்டிருந்தது. என்னென்னவோ கழற்றிப் பார்த்தேன். தூசி படாமலிருக்க அம்மா அதற்கு டிவி உறை போலவே பூவேலை செய்த துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். வெந்து போய்த்தான் அணைந்திருக்கிறது. உறையில் மின்விசிறிக்கு நேராக வட்டமாக ஒரு ஓட்டை வெட்டி, ஓரத்துக்கும் பூத்தையல் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் 24, திங்கட்கிழமை. ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவும் பாகிஸ்தானும், முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். அன்றைக்குப் பார்த்துக் கப்பல் வந்துவிட்டது. இரவு பத்தரைக்கு முன்னால் நான் வீடு திரும்ப வழியில்லை. ஐந்து இருபத்தைந்துக்குப் பதிவு தொடங்கும்படி நேரம் வைத்தேன். பெட்டியை விளையாட்டுச் சேனலில் நிறுத்தி, ‘தொடாதே’ என்று தாளில் எழுதி ஒட்டினேன்.

“நான் ஏன்டா தொடப்போகிறேன்?” என்றாள் அம்மா. அவள் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. கவனித்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் யாரும் ஸ்கோர் சொல்லக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். பெரும்பாலும் கேட்டார்கள். ஆனால் ஒன்பது மணிவாக்கில் பாரிமுனையிலிருந்து வெடிச்சத்தம் கிளம்பியதே, அதை என்ன செய்வது? வீடு வரும் வழியெல்லாம் பட்டாசுத் தாள். ஜெயித்தது தெரிந்துவிட்டது. எப்படி என்பதாவது மிஞ்சட்டும் என்று காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், பல்வலியா தம்பி என்று விசாரித்தார்.

சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தேன். ஒலி, படம் இரண்டும் கண்ணாடி மாதிரி. கம்பீர் 75 அடித்தார். கடைசி ஓவர்களில் ரோகித் சர்மா விளாசினார். இந்தியா 157. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, எந்தப் பாகத்தை வாங்கியதும் தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாகிஸ்தான் ஆடத் தொடங்கியது. பந்து வீச்சாளர் ஓடி வருகிறார், வருகிறார், கையைத் தூக்குகிறார்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பட்டுப் புடவை கட்டிய ஒரு மாமியார் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

மணி ஏழரை. சீரியல்.

“அம்மா!”

“கத்தாதே. நீதானே இரண்டையும் பதிவு செய்யும் என்று சொன்னாய்? ஏழரைக்கு மாற்றிவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.”

“பக்கத்து வீட்டுக்கு எதற்கு?”

“மேட்ச் பார்க்கத்தான். தெருவே அங்கேதான் இருந்தது.”

மாமியார் பன்னிரண்டு நிமிடம் பேசினார், விளம்பரங்கள் உட்பட. மருமகள் ஏதோ ஒரு உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதோடு நின்றது. திரை நீலமானது. பதிவான கோப்பைப் பார்த்தேன், சரியாக 4 ஜிபி. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. மணிக்கு ஒன்றே முக்கால் என்றால் இரண்டு மணி பதினேழு நிமிடம், அதாவது ஏழு நாற்பத்திரண்டு. விண்டோஸ் 98இலும் படிக்கும்படி பத்திரமாகப் பதிவாகியிருந்தது. அம்மா சேனலை மாற்றாமல் இருந்திருந்தாலும் கடைசி ஓவர் எனக்குக் கிடைத்திருக்காது. அதை அவளிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்து நடு வீட்டில் நின்றாள்.

“பதிமூன்று ரன் வேண்டும். ஒரே ஓவர். ஜோகிந்தர் என்று ஒரு பையன், பேர்கூட யாருக்கும் தெரியாது, அவன் கையில் பந்து. முதல் பந்தே வைடு. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்புறம் ஒன்றை மிஸ்பா தூக்கி சிக்ஸர் அடித்தான். இனி ஆறே ரன், நாலு பந்து இருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.” தோசைத் திருப்பியைத் தாழ்த்திப் பிடித்து, பின்பக்கமாக ஒரு கிண்டு கிண்டினாள். “இப்படிக் குழந்தைக்குச் சோறு அள்ளுகிற மாதிரி அள்ளிவிட்டான். பந்து மேலே போகிறது, போகிறது. கீழே ஸ்ரீசாந்த். தெருவில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பிடித்துவிட்டான்!”

தோசைத் திருப்பி அந்தரத்திலேயே நின்றது. பிறகு அதை இறக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரின் பூப்போட்ட உறையைப் பார்த்தாள்.

“சரி, என் கதையை நான் சொல்லிவிட்டேன். அந்த மருமகள் என்ன சொன்னாள்? மீதியை எதற்குள் வைத்திருக்கிறாய், எடு.”