பழைய ஜிப்சியைக் கரட்டுத் தடத்துக்குத் தயார் செய்த அனுபவம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கியதும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, அதை எவ்வளவு உயரம் தூக்கிக் கட்டப்போகிறீர்கள், எத்தனை அங்குல டயர் போடப்போகிறீர்கள் என்பதாகத்தான் இருக்கிறது. நான் வாங்கிய 1998-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு வெகுகாலம் இடமே இல்லாமல் போயிற்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அந்த வண்டியால் என்ன முடிந்ததோ அதையே அது மீண்டும் செய்யும்படி கொண்டுவருவதற்குத்தான் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி செலவாயிற்று. மாற்றம் என்று தனியாகச் சொல்லத்தக்கவை கடைசியில் சேர்ந்த சிறு வேலைகளே.

வண்டி வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வைக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆழியாறிலிருந்து மேலேறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும், அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் இருக்கும் கல் பாதைகளும் அதன் அன்றாடப் பாதை. இத்தகைய வண்டிகளில் இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அடிப்பகுதிதான் களைத்துப்போயிருக்கும். இதிலும் அப்படித்தான். 1298 சி.சி. கார்புரேட்டர் இன்ஜின் காலையில் ஒரே முயற்சியில் கிளம்பியது. ஆனால் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகு சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடியது. முன்பக்கத்து இடது சக்கரத்தின் உட்புறம் முழுவதும் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் இருக்கைக்கு அடியில் "டொக்" என்று ஒரு அடி விழுந்தது.

கோயம்புத்தூரில் பழைய ஜீப்புகளையும் ஜிப்சிகளையும் மட்டுமே தொட்டு வேலை செய்யும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டேன். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே வச்சுட்டு வண்டியத் தூக்கிக் கட்டுனா ஆட்டம் இன்னுந்தான் கூடுமுங்க தம்பி, மொதல்ல நக்கிளப் பிரிச்சிரலாமுங்க" என்றார். சக்கரத்தைத் தாங்கி இடமும் வலமும் திருப்பும் பகுதிதான் நக்கிள். வேலையின் வரிசையை அந்த ஒரு வாக்கியம் தீர்மானித்துவிட்டது.

ஜிப்சியின் முன் அச்சு, பின் அச்சைப் போலவே ஒரே துண்டாக அமைந்த திடமான அச்சு. அதன் இரு முனைகளிலும் பந்து வடிவக் கூடு ஒன்று இருக்கும். அதன்மேல் நக்கிள் அமர்ந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உள்ள கிங்பின் பேரிங்குகளைச் சார்ந்து இடமும் வலமும் திரும்பும். அந்தக் கூட்டுக்குள்தான், திரும்பிய நிலையிலும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் பர்ஃபீல்டு ஜாயின்ட் கிரீஸில் முழுகிக் கிடக்கிறது. அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்துவிட்டால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் இந்தக் கூட்டுக்குள் கசிந்து, கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளிப்புற சீல் வழியாக வழிந்துவிடும். அப்போது ஜாயின்ட்டுக்கு வேண்டிய கிரீஸ் இல்லாமல் போகிறது, டிஃபரன்ஷியலிலும் ஆயில் குறைகிறது, பிரேக்கின் மீதும் எண்ணெய் படிகிறது. என் வண்டியின் இடது பக்கத்தில் நடந்தது இதுதான்.

இரு பக்கமும் முழுவதுமாகப் பிரித்தபோது, கீழ்ப்பக்கத்துக் கிங்பின் பேரிங்கின் உருளைகள் தம் ஓட்டுவளையத்தில் வரிவரியாகத் தடம் பதித்திருந்தன. வண்டியின் எடையும் சாலையின் அடியும் சேர்ந்து, சக்கரம் நேராக நிற்கும் நிலையிலேயே உருளைகளை உலோகத்துக்குள் அழுத்திவிட்டிருந்தன. ஸ்டீயரிங் உதறியதற்கு வேர் அங்கே இருந்தது. டயர் பேலன்ஸ் செய்தோ, ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மாற்றியோ அதைத் தற்காலிகமாக மறைக்கலாமே தவிர, தீர்க்க முடியாது. நான்கு பேரிங்குகளையும் ஓட்டுவளையங்களோடு மாற்றினோம். அதன்பின் வருவதுதான் பொறுமையைக் கேட்கும் கட்டம். பேரிங் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் அதன் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். ஷிம் கூடுதலானால் நக்கிள் தளர்ந்து ஆட்டம் மீண்டும் வரும். குறைந்தால் இறுக்கம் மிகுந்து, ஸ்டீயரிங் வளைவிலிருந்து தானாக மீளாமல் போவதோடு பேரிங்கும் சீக்கிரம் கெடும். மெக்கானிக் வெளிப்புற சீலையும், இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடையும் இணைக்காமல், நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்து, அது அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைப் பணிமனைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு இரு பக்கத்தையும் சமமாக்கினார். கையால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்று விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. தராசு வைத்திருக்கிற பட்டறையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

இருக்கைக்கு அடியில் விழுந்த அடிக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஜிப்சியில், சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியாகச் சேஸ் என்னும் அடிச்சட்டத்தில் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் தொங்குகிறது. ஒரு குட்டை ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கிறது. அந்த ரப்பர்கள் நைந்து வெடித்திருந்ததால், இழுவை மாறும் ஒவ்வொரு முறையும் முழு டிரான்ஸ்ஃபர் கேஸும் புரண்டு கொடுத்தது. பின் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டான கிராஸ் ஒன்றும் தேய்ந்திருந்தது. ஜிப்சி 2019-இல் பொது விற்பனையிலிருந்து விலகிவிட்டாலும் இத்தகைய தேய்மானப் பொருள்கள் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. கிடைக்காமல் படுத்துபவை உள்ளலங்காரத் துண்டுகளும் சில உடற்தகடுகளுமே. உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் அவையும் சிக்கும். ஆனால் பேரிங், சீல், ரப்பர் ஆகியவற்றை அங்கே வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிரேக்கில் வீல் சிலிண்டர்களும் குழாய்களும் மாறின. வயரிங் புதிதாக இழுக்கப்பட்டது. தரைத்தகட்டில் மிதியடிக்கு அடியில் இருந்த துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்து ஒட்டவைத்தார்கள். இவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனையும் முடித்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் உயரத்தைப் பற்றிப் பேச முடிந்தது. எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஜிப்சியின் லீஃப் ஸ்பிரிங்குகள் தொழிற்சாலை அமைப்பில் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அவற்றை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஏறத்தாழ 5 அங்குலம் உயர்ந்துவிடும் என்பதால் பலர் அந்த வழியில் போகிறார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங் தண்டு சாய்ந்து நின்று, சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கிறது. ஏற்றத்தில் இழுவை கொடுக்கும்போது பட்டைகள் முறுக்கிக்கொண்டு பின் அச்சு துள்ளுகிறது. ஷாஃப்ட்டின் கோணமும் பிரேக் குழாயின் நீளமும் மாற்றப்பட வேண்டியதாகிறது. அந்த உயரத்துக்குப் பிறகு சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று ஓட்டுநர் எண்ணத் தொடங்குகிறார். அந்த எண்ணம் தவறும் அல்ல.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் அதை வலியுறுத்தியது. 15 ஆண்டுகளைக் கடந்த தனிப்பயன் வண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போய்ப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதால், பழைய வண்டிக்காரருக்கு இது ஏட்டுச் சட்டமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சேஸை வெட்டுவதோ அதில் புதிதாகத் தாங்கி ஒட்டவைப்பதோ கூடாது, எதைச் செய்தாலும் போல்ட்டைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும் என்று நான் எனக்கே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்.

எனவே ஸ்பிரிங்குகள் கீழேயே இருந்தன. பழைய பட்டைகள் தம் வளைவை இழந்து ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தன. அவற்றை அடித்து வளைத்துத் தருகிற கடைகள் உண்டு. சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் உயரம் கிடைக்கும், ஆனால் ஸ்பிரிங் விறைத்துப்போய்ச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மறுக்கும். கரட்டுத் தடத்தில் நான்கு சக்கரமும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் உயரத்தைவிட முக்கியம். அதனால் சற்றே கூடுதல் வளைவுள்ள புதிய ஸ்பிரிங் கட்டுகளை, புதிய புஷ்களோடும் அந்த நீளத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்களோடும் பொருத்தினோம். சமதரையில் நிறுத்தி அளந்தபோது தொய்ந்திருந்த நிலையைவிடச் சுமார் 3 அங்குல உயர்வு தெரிந்தது. அதில் பெரும்பகுதி வண்டி இழந்திருந்த உயரமே.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் அசையும் துண்டுதான் ஷேக்கிள். அதை நீளமானதாகப் போட்டு மலிவாக உயர்த்தும் வழி ஒன்று சொல்லப்படுகிறது. ஜிப்சியின் முன் ஸ்பிரிங்குகளில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அங்கே நீளத்தைக் கூட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழ்ந்து, அச்சு முன்னோக்கி உருண்டு, கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான கேஸ்டர் கோணம் குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைவதற்கு அதுவே போதும். ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம் என்றாலும், ஒரு கோளாற்றை வாங்கி அதற்கு மருந்தும் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

டயரில்தான் கொஞ்சம் ஆசைக்கு இடம் கொடுத்தேன். முன்பிருந்த 205/70 ஆர் 15 அளவு டயரின் விட்டம் கணக்குப்படி 668 மில்லிமீட்டர். நான் தேர்ந்த 235/75 ஆர் 15-இன் விட்டம் 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அச்சுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளி இதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றி எவ்வளவு தூக்கினாலும் டிஃபரன்ஷியல் குண்டு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. இதற்கு விலையும் உண்டு. முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் வேகம் குறைந்து இழுவை கூடும் லோ நிலை 2.268, அச்சு 3.727 ஆகிய கியர் விகிதங்களைப் பெருக்கினால் இன்ஜின் ஏறத்தாழ 31 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். டயர் பத்து சதவீதம் பெரிதானால் அந்த இழுவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 60 குதிரைத்திறன் அளவுள்ள இன்ஜினுக்கு அது உறைக்கும். ஸ்பீடோமீட்டரும் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-இல் போகிறது. இதைவிடப் பெரிய டயருக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர்களையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இங்கே நின்றுகொண்டேன்.

அதிகச் செலவில்லாமல் அதிகம் பயன் தந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். இரு அச்சுகள், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றுக்கும் உள்ளே சூடேறும் காற்று வெளியேறச் சிறு மூச்சுத்துளை உண்டு. ஓடிச் சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஆயிலைத் திறந்தால் பால் விட்ட காப்பி நிறத்தில் வரும். மூச்சுத்துளைகளில் ரப்பர் குழாய் மாட்டி, நான்கையும் இன்ஜின் அறையில் மேலே கொண்டுபோய்க் கட்டினோம்.

இழுத்து மீட்பதற்கான கொக்கிகளைச் சேஸில் போல்ட் போட்டுப் பொருத்தினோம். பம்பரில் ஒட்டவைத்த கொக்கி, இழுவைக் கயிற்றின் விசையில் பிய்ந்து பறந்தால் ஆளைக் கொல்லக்கூடியது என்பதால் இதில் சிக்கனம் கூடாது.

ஓட்டிச் சோதிக்க இடம் தேடுவதும் ஒரு வேலைதான். காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். பொள்ளாச்சிக்கு அருகில் நண்பருடைய தோப்பின் பின்புறம் பாறையும் மணலுமாக ஒரு பட்டா நிலம் இருக்கிறது, அங்கேதான் இறக்கினோம். டியூப் இல்லாத டயராக மாற்றியிருந்ததால் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்க முடிந்தது. டியூப் உள்ள டயரில் இப்படிக் குறைத்தால், டயர் ரிம்மில் வழுக்கும்போது வால்வு அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது. ஒரு டன் எடையே உள்ள வண்டி, முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்புகளைப் பூட்டி லோ கியரில் போட்டதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே பாறைமேல் ஊர்ந்து ஏறியது. கார்புரேட்டர் மட்டும், செங்குத்தாக மூக்கைத் தூக்கிய இடத்தில் மிதவை அறையின் பெட்ரோல் மட்டம் சாய்ந்து இன்ஜினைத் தடுமாறவைத்தது. கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும், 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியில் இந்தத் தொல்லை கிடையாது.

குறுக்கு மூலையாக இரு சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்ட இடத்தில் வண்டி நின்றுவிட்டது. சாதாரண டிஃபரன்ஷியல் சுழற்சியையெல்லாம் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே தருவதால் அது எதிர்பார்த்ததுதான். பின் அச்சுக்கு, இரு சக்கரங்களையும் ஒன்றாகவே சுழலவைக்கும் லாக்கர் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். கல்லைச் சக்கரத்தடியில் வைத்து வேறு தடம் பிடித்து ஏறச் சொன்னார், ஏறிற்று. லாக்கர் வந்தால் இதுவரை டிஃபரன்ஷியல் வழியே நழுவிப்போன விசையெல்லாம் ஒரே ஆக்ஸில் ஷாஃப்ட்டின்மேல் ஏறும். அந்த ஷாஃப்ட்டுகள் இந்த வண்டியோடு வந்த பழையவை என்பதால், முதலில் அவற்றை மாற்றிவிட்டுத்தான் லாக்கரைப் பற்றி யோசிப்பது என்று இருவரும் முடிவுசெய்திருக்கிறோம்.