போத்கயாவில் ஒரு குவளைத் தேநீர்

அப்பாவுக்குக் கயா சிராத்தம் செய்யத்தான் அண்ணனோடு போயிருந்தேன். பல்கு கரையிலும் விஷ்ணுபாதத்திலும் பிண்டம் வைத்து முடித்த மறுநாள், நான் மட்டும் ஆட்டோ பிடித்து போத்கயா போனேன். மார்கழிப் பனி எலும்பைத் தொட்டது.

செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு மகாபோதி கோயிலுக்குள் போனேன். கோபுரத்தின் மேற்கே போதி மரம். 1876இல் பழைய மரம் சாய்ந்த பிறகு பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் நட்ட கன்றுதான் இப்படி விரிந்து நிற்கிறது. அடியில், புத்தர் ஞானம் பெற அமர்ந்த இடத்தைக் குறிக்கும் அசோகர் காலத்து வஜ்ராசனக் கல். ஒரு இலை விழுந்தால் பத்துக் கைகள் நீள்கின்றன.

ஓரமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் நலம் வேண்டும் பௌத்தத் தியானமான மெத்தா பாவனை செய்தேன். இரண்டு வருடமாக வீட்டில் தினமும் காலையில் செய்வதுதான். முதலில் தனக்கு நலம் வேண்ட வேண்டும். அடுத்து பிரியமானவருக்கு. மூன்றாவது, பிடிக்கும் பிடிக்காது என்று எதுவும் தோன்றாத ஒருவருக்கு. பிறகுதான் பகையாளி, கடைசியில் எல்லா உயிர்களும். பகையாளி எனக்குக் கஷ்டமே இல்லை. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட உறவுக்காரர் கூப்பிடாமலே வந்துவிடுவார். மூன்றாவதில்தான் தடுக்கும். முகமே வராது. அன்றும் வரவில்லை.

பக்கத்தில் ஒரு திபெத்தியப் பாட்டி பலகையில் விழுந்து விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை வழுக்கிப்போன தடத்தில் பலகை கண்ணாடியாக மின்னியது. நான் நடுங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். ஜபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து ஒரு குவளை ஊற்றி நீட்டினார். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். மேலே எண்ணெய் மிதந்தது, நாக்கு ஒப்பவில்லை, ஆனால் வயிறு வரை சூடு இறங்கியது. குவளையை வாங்கி வைத்துவிட்டு மறுபடி விழுந்து வணங்கப் போய்விட்டார். அவருக்கு நான் யார்? அந்த மூன்றாவது ஆள்தானே!

அப்போதுதான் எங்கள் தெருவில் குப்பை வாங்க வருகிற அம்மா ஞாபகம் வந்தது. ஆறு வருடமாக வாளியை நீட்டுகிறேன். விசில் சத்தம் தெரியும், பச்சைச் சட்டை தெரியும். எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. மரத்தடியில் அழுதுவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை வாளியோடு நின்று, "அக்கா, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். வண்டியைப் பிடித்திருந்த கை இறுகியது.

"எதுக்கும்மா கேக்குறீங்க? யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்களா?"