பழைய லேப்டாப்புக்கு 8 ஜிபி

நவம்பர் 7, 2025, வெள்ளி

அக்கா மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். ஆன்லைன் வகுப்பு ஓடும்போது ஒரு பிடிஎஃப் திறந்தால் போதும், வாத்தியார் திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிடுகிறார். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் மெமரி, அதாவது ரேம், நிரம்பி வழிகிறது, டிஸ்க் 100%. இந்த நூறைக் காட்டி “ஹார்ட் டிஸ்க் போச்சு” என்று சொல்லிவிடுவார்கள். டிஸ்க் பாவம். ரேமில் இடம் போதாததையெல்லாம் விண்டோஸ் அதன் தலையில் கொட்டுகிறது, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றி அது எவ்வளவுதான் தாங்கும்?

“புதுசு வாங்கிரலாமா மாமா?”

அக்கா அடுக்களையிலிருந்தே, “முதல்ல பாஸ் பண்ணட்டும்!”

உள்ளே இருப்பது 4 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. அப்புறம் எதற்குப் புது லேப்டாப்?

நவம்பர் 8, சனி

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெரு. சனிக்கிழமைக் கூட்டம், சார்ஜர் ஒயர் மாலைகளுக்கு அடியில் குனிந்துதான் நடக்கவேண்டும். கடைத் தம்பியிடம் ஸ்டிக்கின் போட்டோவைக் காட்டினேன். டப்பாவைக் கிளறி ஒன்றை நீட்டினார். லேபிளில் பிசி3-12800எஸ். எனக்கு வேண்டியது பிசி3எல்.

“ரெண்டும் ஒண்ணுதாண்ணே, உள்ள உக்காந்துரும்.”

உட்காரும். இரண்டுக்கும் 204 பின், விளிம்பில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில். ஆனால் பிசி3 என்கிற சாதா டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட் கேட்கும், ‘எல்’ போட்டது 1.35-இலேயே ஓடும். இவள் லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் நாலாம் தலைமுறை சிப், அதற்கு 1.35தான் கணக்கு. மாற்றிப் போட்டால் திரையே வராமல் போகலாம். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்4 என்றால் இந்தத் தொல்லை இல்லை, 260 பின், வெட்டும் இடம் மாறியிருக்கும், நுழையவே நுழையாது.

“அண்ணன் விவரமாத்தான் வந்திருக்கீங்க” என்று சிரித்துக்கொண்டே வேறு டப்பாவைத் திறந்தார். செகண்ட் ஹேண்ட் 8 ஜிபி. கடையிலேயே ஒரு லேப்டாப்பில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னேன், பில்லில் ஒரு மாத வாரண்டியும் எழுதி வாங்கினேன். செகண்ட் ஹேண்டில் பேரம் பேசவேண்டியது அதற்குத்தான், ஐம்பது ரூபாய்க்கு அல்ல.

நவம்பர் 9, ஞாயிறு

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மீதி மின்சாரம் இறங்கிவிடும். மூடியைத் திறந்ததும் உள்ளே தூசி, யாருடையதோ ஒரு நீள முடி. அவளே மாட்டினாள். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, தங்க நிற விளிம்பு மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்க, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’. முதல் தடவை ஆன் ஆக வழக்கத்தைவிட நேரமானது, அவள் முகம் வெளிறிவிட்டது. பிறகு 12 ஜிபி காட்டியது.

4-ம் 8-ம் ஜோடி சேராது என்பார்கள். சேரும். இரண்டிலும் நாலு நாலு ஜிபி இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓடும், மிச்சம் நாலு ஒற்றையில். வகுப்பு பார்க்க அது தாராளம். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மெம்டெஸ்டில் பிழை எதுவும் இல்லை. வகுப்பு, பிடிஎஃப், பத்திருபது டேப், எல்லாம் ஒன்றாக ஓடுகிறது. ஆன் ஆவது மட்டும் பழைய ஆமை நடைதான், அதற்கு ரேம் ஒன்றும் செய்யாது, சுற்றும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றாத எஸ்எஸ்டிதான் போடவேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 போட இந்தச் சிப்புக்குத் தகுதி இல்லை. எஸ்எஸ்டி வாங்கும்போதே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிவிடலாம் என்றேன்.

“அதுல தமிழ்99 கீபோர்டுல அடிக்க முடியுமா மாமா?”

முடியும். அப்படியென்றால் சரியாம்.