தண்ணீர்மலை அடிவாரத்துத் தட்டான்கள்

பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் பெரும்பாலானோர் நடைப்பயிற்சிக்கோ குரங்கு பார்க்கவோ போகிறார்கள். நான் போவது தட்டான் பூச்சிகளைப் படம் பிடிக்க. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் அமைத்த பூங்கா. தைப்பூச இரதம் வந்து சேரும் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். அருவியிலிருந்து இறங்கும் ஆறு பூங்காவுக்குள் ஓடுகிறது. ஓடும் நீரும் உயர்ந்த புல்லும் வெயிலும் கூடும் இடத்தில் தட்டானுக்குப் பஞ்சமே இல்லை.

விடிந்ததும் போய்விட வேண்டும். வெயிலில் உடல் சூடேறும்வரை தட்டான் எளிதில் பறக்காது. அப்புறம் துரத்திப் பயனில்லை, துரத்தவும் கூடாது. பல தட்டான்கள் தமக்கென்று ஒரு குச்சியைப் பிடித்து வைத்திருக்கும். எழுந்து போய்க் கொசுவையோ ஈயையோ பிடித்துக்கொண்டு அதே நுனிக்குத் திரும்பும். அந்தக் குச்சியைக் கண்டுபிடித்து, நம் நிழல் அதன்மேல் விழாதபடி தாழ உட்கார்ந்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

அன்று கிடைத்தது செந்நிறப் புல்தட்டான். இறக்கையின் நுனி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து, மற்றதெல்லாம் கருஞ்சிவப்பு. சிறியவற்றை மிக அருகில் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் இவ்வளவு நெருங்கும்போது சில மில்லிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக விழும். அதனால் கேமராவை உடலுக்கு இணையாகப் பிடித்து, ஒளி நுழையும் லென்ஸ் துளையை எஃப் 11 அளவுக்குக் குறுக்கி, கண்ணைக் குறிவைத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணின் மேல்பாதி அரக்குச் சிவப்பு, கீழே சாம்பல். ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த ஒரு கண். முன்னங்காலைத் தூக்கி அந்தக் கண்ணை அது துடைத்துக்கொண்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

"தம்பி, புல்லுக்குள் என்ன தேடுகிறீர்கள்?" நடக்க வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"தட்டான், ஐயா."

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தோட்டத்தில் இருந்தபோது இதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவோம். முகம் இப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே" என்றார்.

படம் அசையாமல் வர வேண்டும் என்று பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. குளிரில் விறைத்த தட்டான் கண்ணைத் துடைக்காது, இரைக்குத் தலையைத் திருப்பாது. அந்தப் படத்தில் பூச்சி இருக்கும், தட்டானின் வாழ்க்கை இருக்காது.

பசியாறிவிட்டு மறுபடி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செவ்வூதாத் தட்டான் ஒன்று வாலை நேரே சூரியனை நோக்கி நிமிர்த்தி நின்றது. வெயில் படும் பரப்பைக் குறைத்து உடம்பைச் சூட்டிலிருந்து காக்கும் வழி அது. அந்த நிலையைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் நடுப்பகலில் வாருங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.