சேர் படிப்பித்த கொன்ஸ்தாந்திநோபிள்

மழையைச் சாட்டி மாணவர்கள் வகுப்புக்கு வராமல் விட்டதற்காக ஒரு முழு விரிவுரையே எழுதி வைத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊர் கொன்ஸ்தாந்திநோபிள், இன்றைய இஸ்தான்புல். காலம் 11ஆம் நூற்றாண்டு. பெயர் மிக்கேல் பிசெல்லோஸ். மாரி மழையில் பாதி வகுப்பு வராமல் போன ஒரு காலையில், வந்திருந்த எங்களுக்கு அந்த ஏச்சைப் பற்றிச் சொன்னார் சேர். எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தவர்களுக்கு அவர் யாரென்று நான் பெயர் போட்டுச் சொல்லத் தேவையில்லை.

சோதனைக்கு வேண்டியது ஏதென்சும் உரோமும்தான். சேர் அதைக் குறை வைக்காமல் முடித்துத் தருவார். அப்புறம் வெண்கட்டியை வைத்துவிட்டு, மேசையில் சாய்ந்து நின்று, "சரி, பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார். மேற்கு உரோமின் கடைசி அரசன் 476இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டான். கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பாதி 1453 வரை நின்றது. அங்கிருந்தவர்கள் தங்களை உரோமர் என்றே சொன்னார்கள், எழுதியது கிரேக்கத்தில். நாங்கள் படித்த பிளேட்டோவும் அந்த மண்ணில் தோலேட்டில் பிரதி எடுத்தவர்களின் கைவழியாகத்தான் வந்தார். 895இல் அரேத்தாஸ் என்ற கல்விமானுக்காக எழுதி முடித்த பிளேட்டோ ஏடு ஒன்று இன்றும் ஒக்ஸ்போர்ட்டில் இருக்கிறது. அந்த ஆயிரம் வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிளேட்டோவைப் பற்றிப் பேசுவது சேருக்குப் பிடிக்காது.

பிசெல்லோஸ் 1018 அளவில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. பையனைத் தொழிலில் விடுவதா, படிக்க விடுவதா என்று உறவினர் கூடிப் பேசினார்கள். தொழில்தான் என்று முடிவாகிற நிலை. அப்போது தாய் தெயோதோத்தேக்கு ஒரு கனவு. புனித யோவான் கிறிசோஸ்தோம் தோன்றி, கலங்காதே, உன் மகனுக்கு நானே ஆசானாகத் துணை வருவேன் என்றாராம். படிப்பு தொடர்ந்தது. தாய் இறந்த பிறகு அவரைப் போற்றி எழுதிய உரையில் பிசெல்லோசே இதைச் சொல்கிறார். சாதாரண தரம் முடிந்த கையோடு இப்படியொரு கூட்டம் எங்களில் பலருடைய வீட்டு விறாந்தையிலும் நடந்தது. கனவு வராத தாய்மாரும் நகையை அடகு வைத்து எங்களைப் படிக்க விட்டார்கள்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் யோவான் மவுரோப்பூஸ். பின்னாளில் ஆயரானவர், நல்ல கவிஞர். அவருடைய ஒரு சிறு பாட்டு கிறிஸ்துவிடம் வைக்கும் விண்ணப்பம்: புறமதத்தாரில் எவரையாவது தண்டனையிலிருந்து விலக்குவதாக இருந்தால், எனக்காகப் பிளேட்டோவையும் புளுட்டாக்கையும் விலக்கிவிடும், சொல்லிலும் குணத்திலும் இருவரும் உம்முடைய சட்டத்துக்கு மிகக் கிட்ட நின்றவர்கள். பல நூற்றாண்டு இடைவெளியில், தான் படித்த புத்தகத்தை எழுதியவனுக்காக ஒருவர் மன்றாடுகிறார். இதைவிடப் பெரிய நன்றியை நான் எங்கும் வாசித்ததில்லை.

1047 அளவில் பேரரசர் ஒன்பதாம் கொன்ஸ்தந்தீன் பிசெல்லோசுக்குத் தத்துவவாதிகளின் தலைவர் என்ற பதவியைக் கொடுத்தார். சட்டப் பள்ளியின் பொறுப்பு நண்பர் சிபிலினோசிடம் போனது. தத்துவம் மூச்சடங்கிக் கிடந்தது, நான்தான் தனியே அதற்கு உயிர் கொடுத்தேன் என்று பிசெல்லோஸ் எழுதுகிறார். அடக்கம் அவரிடம் கிடையாது. ஆனால் அரிஸ்டோட்டில், பிளேட்டோவில் தொடங்கி, பிளேட்டோவின் வழிவந்த புளோட்டினஸ், புறொக்லஸ் வரை அவர் வாசித்ததும் உண்மை. அதற்காக அவருடைய விசுவாசத்திலேயே சந்தேகம் எழுந்தது. துறவியாகிப் பின்னர் 1064இல் திருச்சபைத் தலைவரான பிதாப்பிதாவாக உயர்ந்த அதே சிபிலினோஸ், "உன்னுடைய பிளேட்டோ" என்று கடிதத்தில் குத்திக் காட்டினார். பிசெல்லோஸ் நீளமான, சூடான பதில் எழுதினார்.

அவருடைய வரலாற்று நூல் 976இலிருந்து 1070கள் வரை பதினான்கு ஆட்சியாளர்களைப் பற்றியது. அதில் சேர் திரும்பத் திரும்பச் சொன்னது 1042 ஏப்பிரலில் நடந்ததை. ஐந்தாம் மிக்கேல் இளம் அரசன். தன்னை மகனாகத் தத்தெடுத்த பேரரசி சோயியின் தலைமயிரை வெட்டித் தீவொன்றுக்கு அனுப்பினான். நகரம் பொங்கியது. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். பிசெல்லோஸ் அப்போது அரண்மனையில் ஒரு செயலாளர். ஆவணம் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தபோது குதிரைக் குளம்புச் சத்தம் போல இரைச்சல் கேட்டது என்கிறார். அரசனும் அவன் மாமனும் படகேறி ஸ்தூதியோஸ் மடத்துக் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். காவற்படைத் தலைவன் ஒருவனோடு பிசெல்லோசும் அங்கே போனார். அரசன்மேல் அவருக்கும் கோபந்தான். உள்ளே பார்க்கிறார்: அரசன் முழங்காலில் நின்று பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், மாமன் வலப்பக்கம் நிற்கிறான், இருவர் முகமும் ஆளே மாறிப்போய்விட்டது. வாயடைத்து நின்ற பிசெல்லோசுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மாலையில் இருவரையும் இழுத்துப் போய்க் கண்ணைப் பறித்தார்கள். மாமன் கூட்டத்தை விலகி நிற்கச் சொன்னான், தன்னைக் கட்ட விடவில்லை, அசையாமல் கிடந்தான். அதைப் பார்த்த அரசன் அலறினான். அவனைக் கட்டித்தான் செய்ய வேண்டியிருந்தது.

குற்றவாளி என்று தான் நினைத்த ஒருவனுக்காக அழுததையும், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கவனித்ததையும் ஒளிக்காமல் எழுதியதால்தான் பிசெல்லோஸ் எனக்கு வரலாற்றாசிரியர். இதே மனிதர் பதவியில் இருந்தவர்களை வானளாவப் புகழ்ந்தும் எழுதினார். தான் படிப்பித்த ஏழாம் மிக்கேலைப் பற்றிய பகுதி வெறும் புகழ்ச்சி. 1071இல் துருக்கியரிடம் மன்சிகேட்டில் தோற்ற பிறகு சின்னாசியா கையை விட்டுப் போய்க்கொண்டிருக்க, அரசனைக் கவிதை யாப்பில் உட்கார்த்தி வைத்துப் பழுதாக்கினார் என்று அக்காலத்தவரே பழி சொன்னார்கள். சேர் இதையும் மறைக்கவில்லை.

பிசெல்லோசின் மாணவர் யோவான் இத்தாலோஸ். தென் இத்தாலியிலிருந்து வந்தவர். பெரிய தலை, முன்தள்ளிய நெற்றி, பிழையான உச்சரிப்பு. வாதம் முற்றினால் கை நீட்டிவிடுவார், பிறகு அழுது மன்னிப்புக் கேட்பார் என்று இளவரசி அன்னா கொம்னேனே எழுதுகிறார். 1082இல் அவர்மேல் மத விசாரணை. கூட்டம் துரத்த, பெருங்கோவிலின் கூரையில் ஏறி ஒளித்தார். கிரேக்க நூல்களைப் பயிற்சிக்காகப் படிக்கலாம், அதில் சொன்னதை நம்பக்கூடாது. இதுதான் அவரைச் சாட்டி விதித்த சாபங்களில் ஒன்று. தவக்காலத்தின் முதல் ஞாயிறு தோறும் கோவிலில் வாசிக்கும் பத்திரத்தில் அவற்றைச் சேர்த்துவிட்டார்கள். அவரிடம் படித்த யுஸ்திராத்தியோஸ் நைசியாவின் ஆயரானார். 1117இல் அவர்மேலும் தீர்ப்பு வந்தது.

அதோடு கிரேக்கத் தத்துவப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்கு அன்னா பெரிய காரணம். 1083இல் பிறந்தவர். பழைய கவிதைகளில் வரும் தெய்வக் கதைகள் மகளைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் பயந்ததால், அரண்மனை அலி ஒருவரிடம் களவாக இலக்கணம் படித்தார். தந்தை பேரரசர் அலெக்சியோஸ் சாகக் கிடந்தபோது மருத்துவர்களின் வாதத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவரே இருந்தார். அரசியலில் தோற்று மடத்தில் வாழ்ந்த காலத்தில், தந்தையின் ஆட்சியைப் பதினைந்து பகுதிகளில் எழுதினார். இத்தாலோசை இகழ்ந்து எழுதிய அதே அன்னா, அவருடைய மாணவர் யுஸ்திராத்தியோசையும் எபேசு மிக்கேலையும் சேர்த்து அரிஸ்டோட்டிலுக்கு உரை எழுத வைத்தார். அதுவரை உரை கண்டிராத விலங்கியல் நூல்களுக்கும் மிக்கேல் எழுதினார். இராத்திரி இராத்திரியாக மெழுகுதிரி வெளிச்சத்தில் வேலை வாங்கியதால் என் கண் போய்விட்டது என்று அவர் அன்னாவைக் குறை சொன்னதைத் தன் காதால் கேட்டதாக, அன்னாவுக்கு இரங்கலுரை எழுதிய தோர்னிக்கேஸ் பதிந்திருக்கிறார்.

அரிஸ்டோட்டிலின் அறவியல் நூலுக்கு அவர்கள் எழுதிய உரைகளை 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன் ஆயர் ரொபேட் குரோசெற்றெஸ்ற் இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். மேற்குப் பல்கலைக்கழகங்கள் அரிஸ்டோட்டிலின் அறவியலைப் படித்தது அவற்றின் துணையோடு. வரைபடத்தில் கோடு இழுத்துச் சேர் இதைக் காட்டும்போது மணி அடித்துவிடும். எழும்ப மனம் வராது.

சேர் இப்போது இல்லை. பிசெல்லோஸ், அன்னா இருவரின் நூல்களும் ஆங்கிலத்தில் மலிவுப் பதிப்பாகவே கிடைக்கின்றன. எங்கள் வகுப்பு நண்பர்கள் வாசிப்பதானால் பிசெல்லோசின் ஐந்தாம் பகுதியில் தொடங்குங்கள். ஸ்தூதியோஸ் கோவில் அதில்தான் வருகிறது. அன்னாவை எடுத்தால் இத்தாலோஸ் வரும் ஐந்தாம் பகுதியையும், தந்தையின் மரணம் வரும் கடைசிப் பகுதியையும் முதலில் வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவர்கள் ஏதாவது கேட்டால் எனக்கு எழுதுங்கள், அல்லது அடுத்த ஒன்றுகூடலில் இருந்து பேசுவோம்.