சுவருக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

எருசலேமில் அன்று காலை இயேசுவின் கல்லறை ஆலயத்துக்குப் போனோம். ஆண்டவரின் உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் கல்லின்மேல் ஒரு பாட்டி எண்ணெயை ஊற்றி, தன் முக்காட்டால் துடைத்து, அதை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் கொஞ்சம் கூச்சம், தொடாமல் நின்றேன் (தொட்டிருக்கலாம்). கல்லறைக்குள் போக ஒன்றரை மணி நேர வரிசை, உள்ளே அரை நிமிடம்.

சாயங்காலம் யூதர்கள் ஜெபிக்கிற மேற்குச் சுவர். புலம்பல் சுவர் என்றே கேட்டுப் பழகியதால் அழுகையைத்தான் எதிர்பார்த்தேன். அது யூதர்களின் பழைய தேவாலயத்தின் சுவர் அல்ல, ஏரோது ராஜா ஆலய மேட்டைச் சுற்றிக் கட்டிய தாங்குசுவர், கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகும் நிற்கிறது. அடியில் இருக்கிற ஏழு வரிசைப் பெரிய கற்கள் அவன் காலத்தவை. சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போதே ஊர் முழுக்க சைரன் ஊதிவிடுகிறது, வீடுகளில் ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரம். ஓய்வுநாள் (வெள்ளி சாயங்காலம் முதல் சனி சாயங்காலம் வரை) தொடங்கினால் அங்கே போட்டோ எடுக்கக் கூடாது, எழுதவும் கூடாது. அதனால் சபையில் ஒரு அக்கா எழுதிக் கொடுத்தனுப்பிய ஜெபச் சீட்டை முதலிலேயே கல்லிடுக்கில் செருகிவிட்டேன். இந்தச் சீட்டுகளை வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து ஒலிவமலையில் புதைக்கிறார்கள்.

பெண்கள் பக்கம் சின்னது, நெருக்கியடித்து நிற்கவேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பையன்கள் தோளில் கைபோட்டு ஆடிப் பாடினார்கள், அழுகையெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற அம்மா தன் ஜெபப் புத்தகத்தை (சித்தூர் என்கிறார்கள், நம்ம ஊர்ப் பெயர் மாதிரி) என் பக்கம் சாய்த்து விரலால் காட்டினார், ஆங்கிலமும் இருந்தது. வேதாகமத்தின் 95ஆம் சங்கீதம்! எங்கள் காலை ஆராதனையில் சின்ன வயதிலிருந்து பாடிவருகிற அதே சங்கீதம். எபிரேயம் ஓட ஓட நான் தமிழில் முணுமுணுத்தேன்.

அப்புறம் 'லெகா தோதி'. ஓய்வுநாளை மணவாட்டியாக எதிர்கொண்டு அழைக்கும் பாட்டு, 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் இருந்த சொலொமோன் அல்கபேட்ஸ் எழுதியது. கடைசிச் சரணத்தில் எல்லாரும் சட்டென்று சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்தார்கள். எனக்கு என்ன தெரியும், நான் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றேன், எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேர் முதுகும் என் பக்கம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

அடுத்துப் பாடியது 92ஆம் சங்கீதம். அதற்கு மேலே ஓய்வுநாளின் பாட்டு என்று நம் வேதாகமத்திலும் இருக்கிறது. எத்தனை தடவை வாசித்திருப்பேன், தலைப்பைத் தாண்டி நேரே முதல் வசனத்துக்குப் போய்விடுவேன்.

கிளம்பும்போது பெண்கள் சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்தார்கள். நானும் நடந்தேன், நாலாவது எட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.