தொண்டையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள இத்தனை அலைச்சல்

"சோறு இறங்கும்போது தடையாக இருக்கிறதா, வெறும் எச்சிலை விழுங்கும்போது மட்டுமா?" தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று போகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைசியாகப் பார்த்த டாக்டர் வரைக்கும் என்னிடம் இதை யாருமே கேட்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகர்கோவில். சாளைக் குழம்பு வைத்த மறுநாள் ஆரம்பித்ததால், வீட்டில் எல்லோரும் முள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். "சோத்தை உருட்டி முழுங்கு மக்களே, இறங்கிரும்" என்றார் அத்தை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். உண்மையிலேயே முள் இருந்தால் உருண்டை அதை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கலாம். முள் என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரு பக்கமாக, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் சுருக்கென்று வலிக்கும். எனக்கு வலியே இல்லை. நடுத்தொண்டையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி, அவ்வளவுதான்.

பக்கத்து கிளினிக்கில் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். டார்ச்சில் டான்சில் வரைக்கும்தான் தெரியும். நாக்கின் அடிப்பகுதியோ குரல்வளையோ தெரியாது. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, அப்புறம் எதற்கு ஆன்டிபயாடிக் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. கழுத்து எக்ஸ்ரே நார்மல். அதுவும் நிம்மதி தரவில்லை. சாளை முள் மாதிரி மெல்லிய முட்கள் பல நேரம் எக்ஸ்ரேயில் விழுவதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மறுபடி அதே கிளினிக்குக்குப் போனபோது, "எல்லாம் மனப்பிரமை, நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொந்தரவை ஹிஸ்டீரியா என்று மருத்துவப் புத்தகங்களே எழுதிய காலம் உண்டு. அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை.

அடுத்து தைராய்டு ஸ்கேன். ஸ்கேன் எடுத்தவர், "சின்னதா ஒரு கட்டி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் "கட்டி" என்ற சொல்லோடுதான் இருந்தேன். ரிப்போர்ட்டில் இருந்தது நாலு மில்லிமீட்டர். அந்த அளவில் தைராய்டு முடிச்சு ஏராளமானவர்களுக்கு இருக்கும். பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பொதுவாக ஊசி போட்டுச் சோதிக்கவும் மாட்டார்கள். தொண்டையை அடைக்கிற அளவும் அது இல்லை. இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்காது.

பிறகு எண்டோஸ்கோபி என்றார்கள், அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு உணவுக்குழாயையும் வயிற்றையும் பார்ப்பது. போனில் பதிவு செய்தபோது, "காலையில ஒன்பது மணிக்கு வாங்க" என்றதோடு சரி. பஸ் பிடித்து, வடசேரியில் இறங்கி, டீ குடித்துவிட்டுப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் அட்வான்ஸ் ரசீதை வாங்கிக்கொண்டு உட்கார வைத்தார். வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். பால் டீ என்றதும், "இன்னைக்கு முடியாது." வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்மா" என்றார் கவுன்ட்டர்காரர். எல்லோருக்கும் தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மயக்க ஊசி போட்டால் கூட ஆள் வேண்டும். நீங்களே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுத் தேதிக்குக் காத்திருந்த நாட்களில்தான், மைனி வற்புறுத்தி அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனார். ஓ.பி. சீட்டு, வரிசை எல்லாம் வழக்கம்போல. அங்கே இருந்த டாக்டரம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் இட்லி, சோறு, தண்ணீர் எல்லாம் தாராளமாக இறங்குகிறது. சாப்பிடும்போது அந்த உணர்வே இல்லை. சும்மா இருக்கும்போதும், எச்சில் விழுங்கும்போதும்தான். "அப்போ பெரும்பாலும் குளோபஸ். ஆனாலும் உள்ளே பார்த்திடலாம்" என்றார். தொண்டையில் எதுவும் இல்லாமலேயே ஏதோ மாட்டியிருக்கிற மாதிரி தோன்றுவதற்குத்தான் குளோபஸ் என்று பெயர். மூக்கில் மரத்துப் போகும் ஸ்ப்ரே அடித்து, ஸ்கோப் என்கிற மெல்லிய கேமரா குழாயை விட்டு, சில நிமிடங்களில் முடித்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது, கூசியது, வலி இல்லை. முள் இல்லை, கட்டி இல்லை. குரல்வளையின் பின்பக்கம் கொஞ்சம் சிவந்திருந்தது.

வயிற்று அமிலம் மேலே ஏறுவது, மூக்குச்சளி பின்னால் இறங்குவது, உணவுக்குழாயின் மேல்வாய்த் தசை இறுகிக்கொள்வது, இவற்றோடு மனஅழுத்தம் சேர்ந்தால் இன்னும் கூடுவது என்று பொறுமையாக விளக்கினார். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே அமிலம் தொண்டை வரை வரலாமாம். டியூஷன் எடுப்பதால் நான் ஓயாமல் செருமுவேன். செருமச் செருமத் தொண்டை இன்னும் புண்ணாகி, அந்த உணர்வு அதிகமாகும் என்றார். செருமல் வருகிறபோது ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அமிலத்துக்கான மாத்திரையை முன்பு மெடிக்கலில் "சாப்பிட்ட பின்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி.

எண்டோஸ்கோபி இப்போதைக்குத் தேவையில்லை என்று அவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டி, அதே கவுன்ட்டரில் நின்று அட்வான்ஸை முழுதாகத் திருப்பி வாங்கினேன்.

இப்போது பெரும்பாலான நாட்கள் நினைவே வருவதில்லை. டியூஷனில் தொண்டை வறண்டால் எட்டிப் பார்க்கும், தண்ணீரில் அடங்கும்.

ஆனால் எல்லோருக்கும் குளோபஸ்தான் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடாதீர்கள். சாப்பாடு சிக்கினால், விழுங்கும்போது வலித்தால், எடை குறைந்தால், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், எச்சிலில் ரத்தம் தெரிந்தால், ஒரு பக்கக் காது விடாமல் வலித்தால் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு ஸ்கோப்போடு நிறுத்தாமல் எண்டோஸ்கோபியோ பேரியம் எக்ஸ்ரேயோ (பேரியம் என்ற வெள்ளைத் திரவத்தை விழுங்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே) எழுதினால் மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் பார்க்கும்போது திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் காட்டினார்கள்.